தோற்கப் பழகிய பிள்ளைகள்

1992 ஆம் வருஷத்து மகாமகம் நடந்தேறி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்திருக்கும். கும்பகோணத்தில் நான் கணித ஆசிரியனாக உத்தியோகம் பார்த்த பள்ளிக்கும் மகாமகக் குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில், முன்பு பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் இருந்த சிறிய கடையில், நான்கு தொலைக்காட்சிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, மணிக்குப் பத்து ரூபாய் வாடகையில் சிறுவர்களை வீடியோ கேம் ஆடவிடும் தொழிலை ஓர் இளைஞர் ஆரம்பித்தார். சில வாரங்களுக்குள், எங்கள் ஆசிரியர் அறையில் அந்தக் கடையைப் பற்றிய பிரஸ்தாபம் எழாத நாளே இல்லையென்று ஆயிற்று. பையன்கள் டியூஷனுக்கென்று சொல்லிவிட்டு அங்கே போகிறார்கள், வீட்டில் சில்லறை காணாமற் போகிறது, கண் கெடுகிறது, புத்தி மந்தமாகிறது, துப்பாக்கி சுடும் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து முரட்டுச் சுபாவம் உண்டாகிறது என்றெல்லாம் பெற்றோர்கள் வந்து முறையிட்டார்கள். வயதில் இளையவனாகவும் அந்தச் சந்துக்கு அருகே குடியிருந்தவனாகவும் இருந்தமையால், மாலை வேளைகளில் அங்கே சென்று யார் யார் வருகிறார்களென்று பார்த்து வரும்படி தலைமையாசிரியர் என்னைப் பணித்தார்.

பெயர்களைக் குறித்துவரப் போனவன் அங்கே நின்று பார்க்கத் தொடங்கினேன். முதலில் என் தலையைக் கண்டதும் பையன்கள் புத்தகப் பையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் எவரையும் அதட்டுவதில்லையென்று தெரிந்தபின் ஓடுவதை விட்டார்கள். கடைக்காரர் மாத்திரம், "ஸ்கூல் நேரத்துல யாரையும் உள்ள விடமாட்டேன் சார், என் தம்பியே உங்ககிட்டதான் படிக்கிறான்" என்று என்னைக் காணுந்தோறும் சமாதானம் கூறுவார். அவரிடம் இருந்தவை, நின்டெண்டோ கம்பெனியார் 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துப் பிறர் செய்த போலிப் பெட்டிகள். கேசட் என்று பையன்கள் அழைத்த மஞ்சள் நிற வில்லையை அதன் தலையில் செருகிப் படம் வராவிட்டால், உருவி, வாயால் ஊதி, மறுபடியும் செருகுவார்கள். காசு கொண்டுவந்தவர்கள் பெஞ்சியின்மேல் இருவர் இருவராக அமர்ந்திருப்பார்கள். காசில்லாதவர்கள், தொகையில் அவர்களே அதிகம், பின்னால் நின்றுகொண்டு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளைக் கேட்டுக்கொண்டு நின்ற சமயத்திலேதான், வகுப்பறையில் எனக்கு நெடுநாளாகப் பிடிபடாமலிருந்த ஒரு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படலாயிற்று.

அவர்கள் பெரும்பாலும் ஆடியது மாரியோ. ஷிகேரு மியாமோட்டோ என்ற ஜப்பானியர் முன்னின்று 1985 இல் உருவாக்கிய அந்த ஆட்டத்தில், குள்ளனான ஒரு குழாய்த் தொழிலாளி, கடத்திச் செல்லப்பட்ட அரசகுமாரியை மீட்கும்பொருட்டு எட்டு உலகங்களைக் கடந்து செல்கிறான். ஒவ்வோர் உலகத்துக்கும் நான்கு கட்டங்கள், ஆக 32. கையில் உள்ளவை மூன்று உயிர்கள். நாணயங்களைச் சேர்த்தால் ஒன்று கூடும், குழியில் விழுந்தாலோ ஒன்று போகும். நான்காம் கட்டம்தோறும் ஒரு கோட்டை. ஏழு கோட்டைகளை வென்று உள்ளே புகுந்தும் அரசகுமாரி அங்கே இல்லையென்ற செய்திதான் கிடைக்கும், எட்டாவதில்தான் அவள் இருக்கிறாள். பெட்டியை அணைத்துவிட்டால் அதுவரை வந்த தூரமெல்லாம் போயிற்று. மறுநாள் முதற் கட்டத்திலிருந்தே புறப்பட வேண்டும். இத்தனை கடுமையான ஒரு காரியத்தை, இத்தனை தடவை தோற்று, ஒருவரும் வற்புறுத்தாமல், கைக்காசையும் செலவழித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் செய்தார்கள் என்பதை நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுள் ஒருவன் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வடிவியலில் தேற்றத்தை ஒட்டி வரும் நிரூபணக் கணக்குகளைக் கொடுத்தால், படத்தை மாத்திரம் சுத்தமாக வரைந்துவிட்டு, முதல் வரி பொருந்தவில்லையென்று கண்டதும் பேனாவை மூடிவைத்துவிடுவான். தப்பாக எழுதியதை நான் பார்த்துவிடக் கூடாதென்று தாளைக் கையால் மறைத்துக்கொள்வான். அதே பையன், அந்தப் பெஞ்சியின்மேல், ஒரே குழியில் அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை. விழுந்ததும் பின்னாலிருந்தவனிடம் திரும்பி, "நின்ன எடத்துலேருந்து குதிச்சா எட்டாதுடா, ஓடி வந்து விளிம்புல குதிக்கணும்" என்றான். அடுத்த தடவை அவ்வாறே செய்து மறுகரை சேர்ந்தான். ஓர் அனுமானம், ஒரு பரீட்சை, ஒரு திருத்தம். நிரூபணக் கணக்குக்கு வேண்டிய மனோதர்மம் இதற்குமேல் ஒன்றுமில்லை. அது அவனிடம் பூரணமாக இருந்தது. என் வகுப்பில் மட்டும் வெளிப்பட மறுத்தது. அந்த ஆட்டத்தில் தோல்வி உடனே வந்தது, அதன் காரணம் கண்ணுக்கு நேரே தெரிந்தது, அதை யாரும் ஓர் ஏட்டில் பதிந்து வைத்துத் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லவில்லை.

அதுமுதல் சனிக்கிழமைகளில் ஓர் ஏற்பாடு செய்தேன். மதிப்பெண் இல்லாத துண்டுத் தாள்களில் பென்சிலால் மாணவர்கள் கணக்கைச் செய்வார்கள். தர்க்கம் முதன்முதலில் எந்த வரியில் பிசகுகிறதோ அந்த வரிக்கு நேரே ஒரு புள்ளி மாத்திரம் வைத்து நான் திருப்பிக் கொடுப்பேன். எத்தனை தாள் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சிலருக்கு இதனால் யாதொரு பயனும் உண்டாகவில்லை. மேலே சொன்ன பையனோ, வருஷ முடிவுக்குள் தாளை மறைப்பதை விட்டுவிட்டான். விளையாட்டு அவன் புத்தியைக் கூர்மையாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். தோற்பதற்கு அவனைப் பழக்கியது, அவ்வளவே. ஆனால் உபாத்தியாயராக இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

துப்பாக்கி ஆட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். காண்ட்ரா என்பது அதன் பெயர். இருவர் சேர்ந்து ஆடலாம். எதிரியின் ஒரே குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும். ஒருநாள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பலருடைய கடைசிப் பக்கங்களில் மேல்நோக்கி இரண்டும் கீழ்நோக்கி இரண்டுமாக அம்புக்குறிகளும் பக்கவாட்டில் சில குறிகளும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு விசாரித்தேன். தலைப்புத் திரை தோன்றும் சமயத்தில் அந்த வரிசைப்படி பொத்தான்களை அழுத்தினால் மூன்று உயிர்களுக்குப் பதிலாக முப்பது கிடைக்குமாம். கோனாமி கம்பெனியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், வேறோர் ஆட்டத்தைச் சோதிக்கும்போது அது தமக்கே மிகவும் கடினமாக இருந்ததால் தம் சௌகரியத்துக்காக அமைத்துக்கொண்ட இரகசியம் அது. உலகம் முழுவதும் பரவிக் கும்பகோணத்துக் கணித நோட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கடையில் வயதில் மூத்த ஒருவன் மாத்திரம் அதை உபயோகிக்க மறுத்தான். காரணம் கேட்டபோது, "அதைப் போட்டு முடிச்சா ஜெயிச்ச மாதிரியே இல்ல சார்" என்றான். அந்த வாக்கியத்தின் பெறுமதி எனக்கு வெகுகாலம் கழித்தே முழுவதும் விளங்கியது.

பெற்றோர்களின் பெரிய பயமோ துப்பாக்கியைப் பற்றியதுதான். அது நம் ஊருக்கு மாத்திரம் உரிய பயமன்று. 1976 இல் அமெரிக்காவில் வெளிவந்த டெத் ரேஸ் என்ற ஆட்டத்தில், மோட்டாரை ஏற்றிப் பொம்மை உருவங்களை வீழ்த்த வேண்டியிருந்தமையால் பெருங்கூச்சல் எழுந்தது. 1993 இல் மார்ட்டல் காம்பட் முதலிய ஆட்டங்களின் குரூரத்தைப் பற்றி அந்நாட்டு செனட் சபையினர் விசாரணை நடத்தினார்கள். அதன் பயனாக 1994 இல் ஆட்டங்களுக்கு வயதுவாரியாகத் தரம் குறிக்கும் முறை ஏற்பட்டது. வன்முறை ஆட்டங்களைச் சிறுவர்களுக்கு விற்கலாகாதென்று கலிபோர்னியா மாகாணம் இயற்றிய சட்டத்தை, 2011 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழு பேருக்கு இருவர் என்ற தீர்ப்பால் ரத்துச் செய்தது. குழந்தைகளுக்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதைகளிலும் கொலைக்குக் குறைவில்லை என்பதைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா எடுத்துக்காட்டினார். 2019 இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 14, 15 பிராயமுள்ள ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் கொண்டு ஆராய்ந்து, வன்முறை ஆட்டத்துக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷத்துக்கும் சம்பந்தம் காணவில்லையென்று வெளியிட்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தார் 2020 இல் சொன்னது இதைவிடச் சற்று நுட்பமானது: கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு, கொடுஞ்செயல்களுக்கு அதுவே காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

நான் கண்டதும் ஏறக்குறைய அதுவேதான். எங்கள் பள்ளியில் நடந்த சண்டைகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு பல வருஷம் என்னிடம் இருந்தது. ஒவ்வொன்றையும் விசாரித்தால் கிரிக்கெட் பந்தோ, எந்தத் தெருப் பையன் என்ற வித்தியாசமோ, வீட்டில் வாங்கிய அடியோ காரணமாக நின்றதேயன்றி, காண்ட்ரா நின்றதில்லை. ஆட்டத்தின் நடுவில் அம்மா வந்து கையைப் பிடித்து இழுக்கும்போது மாத்திரம் மிகச் சாதுவான பையனும் சீறுவான். அந்தச் சீற்றம் தெருமுனை திரும்புவதற்குள் அடங்கிவிடும்.

ஆயினும், விளையாட்டு மனத்தைத் தொடுவதேயில்லை என்று சொல்லுகிறவர்களோடும் நான் உடன்படேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், 9999 ஆட்டங்கள் என்று முகத்தில் அச்சிட்ட கையடக்கமான ஒரு கருவி கடைவீதிகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. அதில் பிரதானமானது மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டம். மாஸ்கோவில் அலெக்சி பஜிட்னோவ் 1984 இல் உருவாக்கியது. என் மகளுக்கென்று வாங்கியதை இரவுகளில் நானும் ஆடினேன். படுத்துக் கண்ணை மூடினால் கட்டங்கள் விழுந்துகொண்டேயிருந்தன. மறுநாள் கரும்பலகையில் எழுதும்போது எழுத்துக்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களில் எந்தக் கட்டம் பொருந்தும் என்று கண் தானாகவே தேடியது. இது என் பிரமை மாத்திரம் அன்று. ஹார்வர்டு சர்வகலாசாலையின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு 2000 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டெட்ரிஸ் ஆடியவர்களுள் பெரும்பாலோர் உறக்கம் வரும் தறுவாயில் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களுள் சிலர் மூளையில் பழுது நேர்ந்து புதிய நினைவுகளைப் பதிக்க இயலாதவர்கள். தாம் அந்த ஆட்டத்தை ஆடினோம் என்பதே அவர்கள் நினைவில் இல்லை. அப்படியிருந்தும் கட்டங்கள் விழுவதை அவர்களும் கண்டார்கள். 'ஆடினேன்' என்ற நினைவே தங்காத இடத்தில் ஆட்டத்தின் அசைவு தங்குமானால், பத்து வயதுப் பிள்ளையின் சித்தத்தில் அது எவ்வளவு ஆழமாக இறங்கும்! ஆகையால் கேட்கவேண்டிய கேள்வி, இறங்குகிறதா என்பதன்று. எந்தப் பழக்கம் இறங்குகிறது என்பதே.

இந்தக் கேள்வி 2020 ஆம் வருஷத்து ஊரடங்கின்போது எனக்கு மிக நெருக்கமாக வந்து நின்றது. அப்பொழுது நான் சென்னையில் என் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடமே செல்போனுக்குள் வந்துவிட்டபடியால், பாடத்துக்கென்று கொடுத்த போனிலேயே பப்ஜியும் இருந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் வீழ்த்திக் கடைசியில் மிஞ்சுகிறவர் ஜயித்தவராகும் ஆட்டம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வோர் ஆட்டத்திலும் அநேகமாக எல்லோருமே தோற்கிறார்கள். இப்படித் தோற்பவர்கள் சலித்துப் போகாமல் மறுபடி வரவேண்டுமென்றால் அவர்களுக்கு ஏதேனும் ஆறுதல் கொடுத்தாக வேண்டும். ஆகவே தோற்றவனுக்கும் புள்ளிகள், பெட்டிகள், சட்டைகள், நாள் தவறாமல் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் நஷ்டம் என்று ஒரு பெரிய ஏற்பாடு பின்னால் இயங்கிக்கொண்டிருந்தது. மாரியோ குழியில் விழுந்தபோது திரை கறுத்தது, பையன் யோசித்தான். இங்கே திரை கறுப்பதேயில்லை.

பேரன் தொடக்கத்தில் அடிக்கடி ஜயித்தான். சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றியே பேச்சு. திருச்சியில் இருக்கும் அவனுடைய பெரியம்மா மகன் ஒருநாள் போனில் உரக்கச் சிரித்துக்கொண்டு, "டேய், நீ சுட்டதெல்லாம் பாட்டுடா, ஆளே கிடையாது" என்றான். புதிதாக வருகிறவர்கள் மனம் தளராதிருக்கும்பொருட்டு, கம்பெனியே மனிதரைப்போல் ஓடி ஆடும் 'பாட்' என்ற இயந்திரப் பொம்மைகளை அந்த ஆட்டத்துக்குள் இறக்கிவிடுகிறது. கீழ்ப்படிகளில் உள்ளவர்கள் வெல்வது பெரும்பாலும் அவற்றைத்தான். அன்று மாலை முழுவதும் அவன் யாரோடும் பேசவில்லை. இரவு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அப்ப நான் ஜெயிக்கவே இல்லையா தாத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அது எப்படின்னு நாமளே கண்டுபிடிச்சுடலாம்" என்றேன். மறுநாள் ஒரு தாளில் இரண்டு பத்திகள் கீறி, அவன் ஆட, நான் பக்கத்தில் அமர்ந்து எழுதினேன். இவன் நேர்கோட்டில் ஓடுகிறான். இவன் மறைவைத் தேடவில்லை. இவன் நம்மைக் கண்டபின்னும் தாமதித்துச் சுடுகிறான். இவனோ சட்டென்று மரத்தின் பின்னால் ஒளிந்தான், ஆகவே இவன் மனிதன். ஒரு வார முடிவில் பார்த்த மாத்திரத்தில் அவனால் பிரித்தறிய முடிந்தது. அதன்பின் அவன் திருச்சி அண்ணனும் அவனுடைய நண்பர்களும் கூடும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டு, ஒவ்வொரு மாலையும் தோற்றான். தோற்றபின் எங்கே நின்றது பிசகு என்று நெடுநேரம் அவர்களோடு விவாதித்தான். தாமதமாகத் தூங்கினான், அவன் அம்மாவுக்குக் கோபமும் வந்தது; அது நியாயமான கோபமே. ஆனால் அந்த விவாதங்களில் எனக்குக் கும்பகோணத்துப் பெஞ்சியின் குரல் கேட்டது. பொய்யான ஜயத்தைவிட மெய்யான தோல்வியை ஒரு குழந்தை தானே தேடிக்கொண்டு போவதைப் பார்த்தபின், பிள்ளைகளைப் பற்றி எனக்கு இருந்த கவலை குறைந்தது. அவர்களுக்காக ஆட்டம் செய்கிறவர்களைப் பற்றிய கவலை அதிகமாயிற்று.

அந்த வருஷம் செப்டம்பர் 2 ஆம் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்றாகப் போயிற்று. குடியிருப்பில் இருந்த பிள்ளைகள் வெகு சீக்கிரத்தில் வேறு ஆட்டங்களுக்கு மாறிக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்றில்தான் மூன்றாம் மாடிப் பையனுக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. அவன் தாயார் தையல் வேலை செய்து குடும்பம் நடத்துகிறவர். அவருடைய போனிலிருந்து சிறு சிறு தொகைகளாக, ஒரு மாதத்து மளிகைச் செலவுக்கு ஈடான பணம் போயிருந்தது. அடித்து விசாரித்தும் அவன் வாய் திறக்கவில்லை. என்னிடம் அழுதுகொண்டே காண்பித்தான். ஒவ்வொரு தடவையும் தோற்ற அடுத்த கணத்தில், பாதி விலையில் ஆயுதம், இன்னும் சில நிமிஷங்களே பாக்கி என்று ஓர் ஓடும் கடிகாரத்தோடு திரையில் ஒரு பெட்டி திறந்திருக்கிறது. அவன் பேராசைக்காரனல்லன். ஏன் தோற்றோம் என்று யோசிக்க வேண்டிய அந்த ஒரு கணத்தில் அவனுக்கு ஒரு விலைப்பட்டியலைக் காட்டினார்கள். நாளடைவில், தோற்றால் யோசிப்பது என்ற பழக்கத்தின் இடத்தில் தோற்றால் வாங்குவது என்ற பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளின் சிந்தனையில் விளையாட்டு செய்யும் மாறுதல்களிலெல்லாம் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

அரசாங்கங்கள் இதைக் கவனியாமலில்லை. ஆட்டங்களில், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிகளை விலைக்கு விற்பது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018 இல் தீர்மானித்தது. விளையாட்டின்மேல் கட்டுப்பாடு இழந்து, மற்றக் காரியங்களெல்லாம் பின்தள்ளப்பட்டு, கெடுதல் தெரிந்தும் நிறுத்த இயலாத நிலையை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தன் பட்டியலில் சேர்த்தது. சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 மணி முதல் 9 மணி வரைதான் இணையத்தில் விளையாடலாம். பயனர்களை ஏமாற்றும் பொத்தான் அமைப்புக்களால் வேண்டாத பொருள்களை வாங்கச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில், ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனியார் 24.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க 2022 இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் உடன்பட்டார்கள். இவற்றுள் நேரத்தை அளக்கும் சட்டங்களைவிட, தோல்வியை விலைக்கு வைப்பதைத் தடுக்கும் நடவடிக்கைகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மணி நேரம் ஆடினாலும் அந்தப் பெட்டி திறந்தால் திறந்ததுதானே?

ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால் இன்றும் சில பெற்றோர்கள் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம் என்பதே. இரவில் போன் கூடத்தில் இருக்கட்டும், பணம் செலுத்தும் வழியைக் கடவுச்சொல் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு மாலை முழுவதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோற்றவுடன் திரையில் என்ன வருகிறது என்பதை மாத்திரம் பார்த்து வாருங்கள் என்று அனுப்புகிறேன். அவன் விழுந்த இடம் தெரிகிறதா, அல்லது கடை திறக்கிறதா? சமீபத்தில் அப்படிப் போய்ப் பார்த்துவந்த ஒரு தகப்பனார், மகன் ஆடும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றை அன்றிரவே போனிலிருந்து எடுத்துவிட்டதாகவும், மற்றதை அப்படியே விட்டுவைத்ததாகவும் வந்து சொன்னார். எடுத்ததற்கு மகன் சண்டை போட்டானா என்று விசாரித்தேன். "போட்டான் சார். ஆனா எதை எடுக்கணும்னு அவன்கிட்ட கேட்டப்ப, அவனே அதைத்தான் காட்டினான்" என்றார்.